சத்தமில்லாத ஐந்து தாராக்கள்

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன வருஷத்தில்தான் என் மாமனார் உட்காருவதை நிறுத்தினார். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று அவரிடம் பேசித் தீர்க்க வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நின்றுகொண்டே பேசினார். வந்தவர்கள் பதறிப்போய் அவர்களும் உட்காரவில்லை. "எவ்வளவு பெரிய மனுசன், நமக்காக எந்திரிச்சு நிக்காரே" என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அந்த வருஷம் அவருக்கு ஏறிய மரியாதை அதற்கு முன் எந்த வருஷமும் ஏறியதில்லை. அவருக்கு மூலவியாதி என்பது வைத்தியருக்கும், வீட்டில் இருந்த எங்கள் நான்கு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த ஜில்லா தமிழ்நாட்டோடு சேருவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. நாகர்கோவிலுக்கு வடக்கே, வயலுக்கு நடுவில் ஒரே ஒரு தெருவாக நீண்டு கிடக்கிற ஊர். வீட்டில் மாமா, அத்தை, என் வீட்டுக்காரர், நான். அசல் சைவம். மீன் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வராது. முட்டை என்ற சொல்லும் வராது. முட்டைக்கோசைக்கூட அத்தை வெறும் கோஸ் என்றுதான் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் நாக்கு தீட்டுப்பட்டுவிடும் போல.

நான் மேற்கே, தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கம், ஆற்றங்கரையில் பிறந்தவள். சொந்தத்துக்குள் சொந்தம்தான். ஆனால் எங்கள் கிளை எப்போதோ மேற்கே போய்க் குடியேறி, மீன் தின்னப் பழகி, பேச்சில் பாதி மலையாளமும் கலந்துகொண்டது. ஜாதகம் பொருந்தியதால் மாமா வீட்டார் கண்ணை மூடிக்கொண்டு என்னை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் மெல்லப் பேசிப் பழக்கமில்லை. அக்கரையில் தென்னந்தோப்பில் நிற்கிற அப்பாவை இக்கரையில் நின்று சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்றால் தொண்டையைத் திறக்காமல் முடியாது. கல்யாணத்தன்று அம்மா என் காதில் சொன்ன ஒரே புத்தி, "சத்தத்தைக் கொறச்சுக்கோ மக்கா. அது நெல்லு வெளையுற ஊரு, பொம்பளைக்க சத்தம் அடுக்களையைத் தாண்டப்பிடாது" என்பதுதான். நானும் குறைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் எனக்கே என் குரல் மறந்துபோயிற்று.

வைத்தியர் கஷாயம், லேகியம், கருணைக்கிழங்கு எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் எங்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"தாராமுட்டை. சின்ன உள்ளியை நெய்யில வதக்கி, அதுல உடைச்சு ஊத்தி, விடியக்காலத்துல வெறும் வயித்துல. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. கேட்டியளா? இது பிடிக்கல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போயி கத்தி வைக்கணும்."

வாத்தை எங்கள் பக்கம் தாரா என்றுதான் சொல்வோம். மாமா நெற்றியிலிருந்த திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கத்தியைவிட, தெரியாத நாலு பேர் முன்னால் குப்புறப் படுக்க வேண்டியிருக்குமே என்பதுதான் அவர் பயம் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில், "மருந்துன்னா மருந்துதான்" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டைக்கு மருந்து என்று பேர் வைக்கப்பட்டது.

மருந்தை எப்படி வாங்குவது? வீட்டுக்கு ஒரு முட்டைக்காரி கூடையோடு வந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதிலும் கீழ வீட்டுப் பெரியம்மைக்கு. அவள் வீட்டுக்காரர் கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம் பார்ப்பவர். பெரியம்மை பிரதோஷம் தவறாமல் இருப்பவள், எதிரில் வருகிறவர் முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவள். எங்கள் புறவாசலுக்கும் அவள் புறவாசலுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர்தான். அவள் கண்ணில் மட்டும் படக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. என் வீட்டுக்காரரை மார்த்தாண்டம் சந்தைக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று அவர் நடுங்கினார்.

ஆக, தாரா வளர்ப்பது என்று முடிவாயிற்று. ஊருக்குச் சொல்லக் காரணமும் தயார். நாற்றங்காலில் நத்தை ஜாஸ்தி, தாரா விட்டால் தின்றுவிடும். நத்தையைக் கொல்ல ஆள் வைப்பது சைவத்துக்குச் சரியா என்று யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் கன்னிப்பூ அறுப்பு முடிந்ததும் குட்டநாட்டுப் பக்கமிருந்து தாராக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தாராக்களை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லைத் தின்ன விடுவார்கள். மாமா வரப்பில் நின்றார். நானும் கூடப் போனேன், ஏனென்றால் அந்த வீட்டில் பறவையைத் தொடுகிற கை என்னுடையது ஒன்றுதான். இளம் தாராக்கள் எல்லாம் ஒரே தவிட்டு நிறம், எது ஆண் எது பெண் என்று ஒன்றும் தெரியவில்லை. தாராக்காரர் கழுத்தைக் கொக்கியால் வளைத்து ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டினார். தொண்டை கிழியக் கத்துகிறதை மாமா கையை அசைத்து வேண்டாம் என்றார். வாயைத் திறந்து காற்று மட்டும் வருகிறதை, கேட்டும் கேட்காமல் கரகரக்கிறதை, "இது இருக்கட்டும்" என்றார்.

"சத்தம் போடாததாப் பாத்து எடு மக்கா" என்று என்னிடம் சொன்னார். "தெருவுக்குக் கேக்கப்பிடாது. பொறவு, பெட்டைன்னா அடக்கம் வேணும்லா."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுக் கோழிகளில் விடியுமுன்னே ஊரை எழுப்புவது சேவல்தானே. ஐந்து எடுத்தோம். தாராக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் சிரிப்பை அடக்கினாரோ என்று பிற்பாடு பலதடவை யோசித்திருக்கிறேன்.

ஐந்தும் அந்த வீட்டுக்கென்றே பிறந்தவை போல அடக்கமாக வளர்ந்தன. காலையில் திறந்துவிட்டால் வரிசையாக வாய்க்காலுக்குப் போகும், சாயங்காலம் வரிசையாக வரும், மூச்சுக் காட்டாது. "என்ன ஒரு ஒழுக்கம்" என்று அத்தை பூரித்துப் போனாள். பெரியம்மை ஒருநாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நத்தை தின்னுதா?" என்று கேட்டாள். "நல்லா தின்னுது" என்றாள் அத்தை. பெரியம்மை தலையாட்டிவிட்டு, அப்போதுதான் வந்த தவிட்டுக்காரியிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் வீட்டில் மாடு கிடையாது. மாடு இல்லாத வீட்டுக்கு வாரா வாரம் எதற்குத் தவிடு என்று எங்களுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. சொந்த ரகசியத்தைக் காப்பாற்றவே எங்களுக்கு நேரம் போதவில்லை.

மார்கழி வந்ததும் அடையாளம் பார்க்க ஆரம்பித்தோம். எனக்குத் தெரிந்தது கோழி. முட்டையிடப் போகிற கோழிக்குக் கொண்டை சிவக்கும், முதுகில் கை வைத்தால் பதுங்கும், மூலை மூலையாக இடம் தேடி முனகும். தாராவுக்குக் கொண்டையே இல்லை. முதுகில் கை வைத்தால் ஓடின. அத்தைக்குத் தெரிந்தது பசு. தினமும் காலையில் குனிந்து நின்று பின்பக்கமாகப் பார்ப்பாள். "மடி எறங்கினாப்புல இருக்கா பாரு" என்பாள். மடி ஏது? "வாலுக்கு ரெண்டு பக்கமும் எலும்பு தளந்திருக்கா, தடவிப் பாரு" என்பாள். தடவிப் பார்த்தேன். ஒரு விரல்கூட நுழையாமல் கெட்டியாக இருந்தது. மாமா பூஜை முடிந்து புறவாசலுக்கு வந்து, வானத்தைப் பார்த்தபடி, "மருந்து போட்டாச்சா?" என்று கேட்பார். "இல்ல மாமா" என்பேன். தேவாரத்தை விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

தை பிறந்த கையோடு என் அண்ணன் வந்தான். கைகால் கழுவி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டான். அம்மா ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். கட்டு வைத்தியர் கட்டிவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் சோறு இறங்கவில்லை. "உன்னைப் பாக்கணும்னு சொல்லுகா" என்றான். எனக்கு அப்போதே கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. உள்ளங்கால் பரபரத்தது.

மாமா வழக்கம்போல் நின்றுகொண்டே கேட்டார். பிறகு நிதானமாக, தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் அந்த வீட்டில் கிடையாது.

"போகத்தான் வேணும். பெத்தவள்லா. ஆனா மக்கா, தாரா இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கு. நீ இல்லாத சமயம் போட்டுட்டுன்னா, யாரு அதை உடைக்கதுக்கு? உனக்க அத்தை தொடமாட்டா. மொத மருந்து போடட்டும். மறுநாளே போ."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நல்ல மனிதர். அந்தக் காலத்தில் அவரிடம் நன்மையைத் தவிர வேறொன்றும் கிடையாது. அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறப் போனான்.

அதற்குப் பிறகு நான் தாராக்களைப் பார்த்த பார்வை வேறு. மாமாவுக்கு அது மருந்து. எனக்கு அது அம்மா. ஒரு முட்டை விழுந்தால் நான் ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். விழுந்தடித்து எழுந்து, இருட்டு விலகுமுன் கூட்டைத் திறந்து வைக்கோலைக் கிளறுவேன். எச்சம்தான் இருக்கும். தவிட்டில் சோற்றைப் பிசைந்து, நத்தை பொறுக்கி நசுக்கி, சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிப் போட்டு, ஊட்டாத குறையாகத் தீனி போட்டேன். தின்றன. நன்றாகவே தின்றன.

அடையாளம் வேறு ஒவ்வொன்றாக வந்தது, எங்களை ஏமாற்றவென்றே. கழுத்து பச்சையாக மின்ன ஆரம்பித்தது. "வயசுக்கு வந்த மினுக்கம்" என்றாள் அத்தை. வாலில் நாலு இறகு மேலே சுருண்டு நின்றது. "ஏட்டி, கொண்டை வச்சுப் பூ வச்சாப்புல இருக்கு பாரேன்" என்று சொல்லி, கண்பட்டுவிடும் என்று ஐந்துக்கும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாங்கள் தும்மினோம். ஒருநாள் ஒன்று வைக்கோல் படப்பின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. வீடே பரபரத்தது. மாமா அன்றைக்கு ஒரு வாய்க்கால் தகராறைப் பாதியில் விட்டுவிட்டுப் புறவாசலுக்கு வந்தார். அத்தை நெய்யை உருக்கினாள். நான் சின்ன உள்ளி உரித்தேன், துணிமணியையும் மடித்து வைத்தேன். மத்தியானம் தாண்டியும் அது எழவில்லை என்று தூக்கிப் பார்த்தால் காலில் கருவேல முள். முள்ளைப் பிடுங்கினேன். அது நொண்டிக்கொண்டே போயிற்று. உரித்த உள்ளியைச் சாம்பாரில் போட்டோம். மடித்த துணியைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது, அந்தத் தாராவின் கழுத்தைத் திருகிப் போடலாமா என்கிற ஆத்திரமும் வந்தது.

அண்ணன் சொல்லி அனுப்பி ஒரு ஆள் வந்தார். அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டதாம். "இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கு" என்று மாமா வந்தவரிடமும் சொன்னார். வந்தவர் அம்மாவைச் சொல்கிறார் என்று நினைத்துப் பயந்துபோனார்.

மாசியில் கும்பப்பூ அறுப்பு நடந்தது. தாராக்கூட்டம் திரும்ப வந்து மேய்ந்துவிட்டு, அடுத்த ஊர் வயலுக்குப் போயிற்று. அது போன மறுநாள் சாயங்காலம் எங்கள் ஐந்தும் வழக்கம்போல் வாய்க்காலிலிருந்து வரிசையாக ஏறி வந்தன. பின்னாலேயே ஆறாவதாக ஒன்று. கூட்டத்திலிருந்து தப்பிய நொண்டி. தவிட்டு நிறம், கழுத்தில் மினுக்கம் இல்லை, வாலில் சுருள் இல்லை. ஆனால் குரல்! புறவாசலுக்குள் காலை வைத்ததும் அது போட்ட சத்தத்தில் முருங்கையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

"சிவ சிவா! இது எங்கேருந்து வந்து சேந்தது? வெரட்டு பிள்ளே, வெரட்டு, தெருவே கூடிரும்" என்று அத்தை கையைப் பிசைந்தாள்.

விரட்டுவதற்குள் எங்கள் ஒழுக்கசீலர்கள் ஐந்தும் அதைச் சூழ்ந்துகொண்டன. தலையைத் தலையை மேலும் கீழும் ஆட்டின. ஒன்று அதன் பிடரியை அலகால் கவ்விக்கொண்டு முதுகில் ஏறியது. அது இறங்குவதற்குள் அடுத்தது முட்டி மோதியது. "ஐயோ, புதுசைக் கொத்திக் கொல்லுதே" என்று அத்தை விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் நின்றாள். பசு வளர்த்தவள் அல்லவா, அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றாள். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

மாமா சத்தம் கேட்டு வந்தார். அத்தை அவரைப் பார்க்காமல், உதடு அசையாமல் சொன்னாள்.

"அஞ்சும் ஆம்பளையாக்கும்."

மாமா வெகுநேரம் அந்த ஐந்தையும் பார்த்தார். ஆறு மாதம் தவிடும் சோறும் போட்டு, கண்ணேறு கழித்து வளர்த்த ஐந்து. அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது.

"சத்தமே போடல்லியே" என்றார்.

தாரா ஜாதியில் குரல் பெட்டைக்குத்தான். ஆணால் கரகரக்க மட்டுமே முடியும். இதை மாமாவும் அத்தையும் நானும் ஒரே நேரத்தில் புறவாசலில் நின்று தெரிந்துகொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளை அந்த ஐந்து மீசைக்காரர்களுக்குக் காவல் இருந்து கழித்திருக்கிறேன் என்று நினைத்ததும் அது நின்றுபோயிற்று.

நொண்டியைத் தூக்கித் தனியாக விட்டு, பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். தூக்கும்போதே தெரிந்தது. நான் தேடிய அடையாளமெல்லாம் அதனிடம் இருந்தது. பின்பாகம் கனத்துத் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. வாலடி எலும்புகளுக்கு நடுவில் மூன்று விரல் தாராளமாக நின்றது. சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பைப் போட்டதும் நெல்லைவிட ஆசையாக அதைத்தான் தின்றது. முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைத் தளர்த்திப் பதுங்கியது. உள்ளே வைக்கோலைச் சுற்றிச் சுற்றி மிதித்துக் குழி பறித்தது. இத்தனையையும் செய்துகொண்டே ஓயாமல் ஊரைக் கூட்டியது. அத்தை பஞ்சாரத்தின் மேல் கோணிச் சாக்கைப் போட்டாள், அதற்கு மேல் பழைய பாயைப் போட்டாள். குரல் பாயையும் தாண்டி வந்தது.

மறுநாள் விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். குழியில், லேசான பச்சை கலந்த வெள்ளையில், சூடாக ஒரு முட்டை. கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அம்மா என்று வாய் தானாகச் சொன்னது.

உள்ளி வதக்கி, நெய்யில் உடைத்து ஊற்றி, இலைத்துண்டில் வைத்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடி, பஞ்சாட்சரம் சொல்லி, மூன்றே வாயில் தின்றார். முகம் சுளிக்கவில்லை. சொல்லப்போனால் இலையை வழித்தார். நான் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தேன்.

"மாமா, நான் அப்போ கெளம்பட்டா?"

"எங்க?" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "ஓ... போகணும், போகணும். ஆனா மக்கா, வைத்தியரு ஒரு மண்டலம்லா சொல்லியிருக்காரு. பாதியில நிறுத்தினா மருந்து விஷமாயிரும். மண்டலம் முடியட்டும். மறுநாளே போ."

அதே தாழ்ந்த குரல். அத்தை தலையை ஆட்டினாள். என் வீட்டுக்காரர் பல்லியைத் தேடினார்.

எனக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. வாய் திறந்தது, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரல் வெளியே வந்தது.

"ஒரு முட்டை போட்டா போலாம்னு சொன்னியள்லா மாமா! போட்டாச்சு! முட்டை போட்டாச்சு! எனக்க அம்மை அங்க முதுகு புண்ணாயிக் கெடக்கா, நான் இங்க முட்டைக்குக் காவலு இருக்கணுமா? யாருக்கு வேணும் உங்க முட்டை!"

அந்த வீடு கட்டப்பட்ட நாளிலிருந்து முட்டை என்ற சொல் அதற்குள் ஒலித்ததில்லை. அன்றைக்கு ஒரே மூச்சில் நாலு தடவை ஒலித்தது. அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். பஞ்சாரத்துக்குள்ளிருந்து நொண்டி பதிலுக்கு ஒரு சத்தம் போட்டது. பிறகு தெருவே அமைதியாக இருந்தது, எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிற அமைதி.

மண்சுவருக்கு மேல் பெரியம்மையின் தலை எழுந்தது. நெற்றி நிறையத் திருநீறு.

"ஏட்டி, நீ போயி அம்மையைப் பாரு" என்றாள் என்னிடம். பிறகு மாமாவைப் பார்த்து, "முட்டையை நான் வந்து உடைச்சுத் தாரேன். இங்கயும் தெனமும் உடைக்கதுதான்."

அவள் வீட்டுக்குள்ளிருந்து ஸ்ரீகாரியம் இருமுகிற சத்தம் கேட்டது. வேண்டாம், சொல்லாதே என்கிற இருமல். அவள் நிறுத்தவில்லை.

"தவிட்டுப் பெட்டிக்குள்ளதான் வரும். நத்தை திங்கதுக்குத் தாரான்னு எங்கிட்டயே சொல்லுதியளே, இந்த ஊருல யாருக்குத் தெரியாது? நின்னுக்கிட்டே பேசினா எங்களுக்கு வெளங்காதா? எங்க வீட்டுக்காரரும் ஆறு மாசம் நின்னவருதான."

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். வேறு என்ன செய்ய முடியும் அவரால். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "வண்டி கெட்டச் சொல்லு" என்றார். அதற்குள் என் வீட்டுக்காரர் என் பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். அப்பாவைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அது. அதற்காகவே பிறகு அவருடைய எத்தனையோ பல்லிகளை நான் மன்னித்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தோணி அக்கரையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து அசைக்கப் பார்த்தார். நான் கையை வாயருகில் குவித்து ஒரு கூப்பாடு போட்டேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். தோணி நகர்ந்தது.

அம்மா கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தாள். கண் மட்டும்தான் அவளுடையது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துல கூப்பிட்டியே, இங்க கேட்டுது" என்றாள். "மெலிஞ்சு போயிருப்பியோன்னு நெனச்சேன். சத்தம் அப்பிடியே இருக்கு. அங்கயும் இப்பிடித்தான் சத்தம் போடுதியா?"

"ஒரே ஒருக்கா போட்டேன் அம்மா."

"என்ன சொன்னாங்க?"

"வண்டி கெட்டச் சொன்னாங்க."

அம்மா சிரித்தாள். இடுப்பு வலித்தது, ஐயோ என்றாள், அப்படியும் சிரித்தாள். தாராக்களின் கதையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கண்ணேறு கழித்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள். அந்தச் சில வாரங்கள் அவளுக்கு நான் கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன், புண்ணுக்கு மருந்து வைத்தேன். பங்குனியில் ஒருநாள் மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று தலையைத் திருப்பியவள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். என் கை அவள் கைக்குள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பிப் போன அன்று மாமா முன்வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்றாக, முழுசாக, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் இரண்டு பேர் ஏதோ வரப்புத் தகராறு பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மை விட்டுப்போன நாளுக்குத் தன் தவிட்டுப் பெட்டியிலிருந்து போட்டு, மண்டலத்தைக் குறைவில்லாமல் நடத்தியிருக்கிறாள். புறவாசலிலிருந்து நொண்டியின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது, யாரும் அதன் மேல் பாய் போடவில்லை.

என்னைப் பார்த்ததும் மாமா எழுந்து நின்றார். பேசிக்கொண்டிருந்தவர்கள் விளங்காமல் அவர்களும் எழுந்தார்கள். அவர்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்தத் தாழ்ந்த குரலில், அன்றைக்கு அது இன்னும் தாழ்ந்திருந்தது, சொன்னார்.

"மண்டலம் நேத்துத்தான் முடிஞ்சுது, மக்கா."